எந்த ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’? குவீன் தொகுப்புகளில் ஒன்றைத் தேர்வது

அக்கா மகன் முதல் சம்பளத்தில் ஒரு ரெக்கார்டு பிளேயர் வாங்கிவிட்டான். வாங்கி, மேசைமேல் வைத்து, துடைத்து, போட்டோவும் எடுத்த பிறகுதான் அதில் போட்டுக் கேட்க வீட்டில் ஒரு தட்டுகூட இல்லை என்பது உறைத்திருக்கிறது. எனக்கு போன் செய்தான். “மாமா, குவீன்ல இருந்து ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். ஹிட்ஸ் கலெக்‌ஷன்ல எது நல்லது? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க.”

அந்த ‘ஒண்ணே ஒண்ணு’தான் சிக்கல். குவீன் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் பெயரில் 1981-ல் ஒரு தொகுப்பு வந்தது, 1991-ல் இன்னொன்று. 1992-ல் அமெரிக்காவுக்கென்று தனியாக இரண்டு. அப்புறம் 1997, 1999, 2000, 2009, 2014 என்று வரிசையாக. 2018-ல் குழுவின் கதையைச் சொல்லும் ‘பொஹீமியன் ராப்ஸடி’ படம் வந்தபோது அதற்கும் ஒன்று. எல்லாவற்றிலும் பாதிப் பாட்டுகள் ஒன்றேதான். அட்டையைப் பார்த்து வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது.

ஹிட் பாட்டெல்லாம் இருந்தால் போதாதா, எதை வாங்கினால் என்ன என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தவன்தான். நான் முதலில் கேட்ட குவீன், கேசட்டில் பாட்டு பதிந்து தரும் கடையில் கொடுத்து வாங்கியது. பட்டியலை ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தேன். கடைக்காரர் தன் வசதிப்படி வரிசையை மாற்றிவிட்டார். ‘வீ வில் ராக் யூ’ முடிந்ததும் வேறு யாரோ ஒரு குழுவின் பாட்டு வந்துவிழும். நாலைந்து வருஷம் அப்படியே கேட்டேன். பிறகு நண்பன் வீட்டில் முதன்முதலாக ஒரிஜினல் தொகுப்பைக் கேட்டபோது, காலால் தட்டி, கையால் தட்டி வந்த அந்தத் தாளம் நின்று, பிரையன் மேயின் கிடார் கடைசியில் வெடித்து, சட்டென்று அறுந்த இடத்தில் ஒரு பியானோ மெதுவாகத் தொடங்கியது. ‘வீ ஆர் தி சாம்பியன்ஸ்’. இரண்டும் 1977-ல் வந்த ‘நியூஸ் ஆஃப் தி வேர்ல்டு’ ஆல்பத்தில் அடுத்தடுத்து வந்தவை, ஒரே சிங்கிளின், அதாவது பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சின்னத் தட்டின், இரண்டு பக்கமாகவும் விற்றவை. எனக்கு மட்டும் அது தெரியாமல் போயிருந்தது. ஒரே பாட்டுகள்தான், ஆனால் வரிசை மாறினால் வேறு சாமான் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

ஆகவே தொகுப்பைப் பார்க்கும்போது நான் முதலில் பட்டியலில் என்ன இருக்கிறது என்று தேடுவதில்லை. எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு, எதை வெட்டியிருக்கிறார்கள், எதை விட்டுவிட்டார்கள், எந்த வருஷத்தில் கதையை நிறுத்தியிருக்கிறார்கள் என்று பார்ப்பேன். கடைசிக் கேள்வி விசித்திரமாகத் தோன்றலாம். குவீன் விஷயத்தில் அதுதான் முக்கியமான கேள்வி.

1981-ல் பிரிட்டனில் வந்த முதல் ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’தான் பெரியது. அங்கே இதுவரை எந்த ஆல்பமும் இதைவிட அதிகம் விற்றதில்லை. பீட்டில்ஸ் பிறந்த ஊரில் இப்படி. 2022-ல் எழுபது லட்சத்தைத் தாண்டிய முதல் ஆல்பம் என்று அறிவித்தார்கள். விற்பனையை வைத்து இசையை அளக்கக் கூடாதுதான், ஆனால் ஒரு தொகுப்பு இந்த அளவுக்குப் போகிறதென்றால், கட்டமைப்பில் ஏதோ சரியாக அமைந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

பதினேழு பாட்டுகள். முதல் பாட்டே ‘பொஹீமியன் ராப்ஸடி’. கிட்டத்தட்ட ஆறு நிமிடம். வேறு யாராக இருந்தாலும் அதைக் கடைசிக்கு ஒளித்துவைப்பார்கள். இவர்கள் இலையில் உப்பு வைப்பதற்கு முன்பே பாயசத்தை ஊற்றிவிட்டார்கள். இது எப்படி வேலை செய்கிறது என்றால், அந்தப் பாட்டின் கடைசி வரியைக் குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்குரி கிட்டத்தட்ட முணுமுணுக்கிறார். பிறகு ஒரு பெரிய வெண்கலத் தட்டை மெல்லத் தட்டிய ஓசை. அது காற்றில் கரைந்து முடியும் நேரத்தில், எதிரொலியே இல்லாத, வறண்ட, தனியான ஒரு பேஸ் கிடார்: ஜான் டீக்கனின் ‘அனதர் ஒன் பைட்ஸ் தி டஸ்ட்’. ஒபரா மேடையிலிருந்து ஒரே அடியில் டிஸ்கோ தரைக்கு. இந்தக் குழு எதற்கெல்லாம் துணியும் என்பதை முதல் பத்து நிமிடத்துக்குள் சொல்லிவிடுகிறார்கள். இரண்டும் 1975, 1980 என்று ஐந்து வருஷ இடைவெளியில் வந்தவை. கால வரிசையில் அடுக்கியிருந்தால் இந்த அதிர்ச்சி கிடைத்திருக்காது.

இன்னொரு இடம். ‘ஃபேட் பாட்டம்டு கேர்ள்ஸ்’, ‘பைசைக்கிள் ரேஸ்’ இரண்டும் 1978-ல் ஒரே சிங்கிளாக வந்தவை. ஒன்றை பிரையன் மே எழுதினார், மற்றதை மெர்குரி. முதல் பாட்டின் முடிவில் எல்லோரையும் சைக்கிளில் ஏறச் சொல்லிக் கத்துகிறார்கள். இரண்டாவது பாட்டில் முதல் பாட்டின் நாயகிகள் சைக்கிள் ஓட்ட வருகிறார்கள். நடுவில் சைக்கிள் மணிகள் கூட்டமாக ஒலிக்கின்றன. ஆனால் ‘ஜாஸ்’ என்ற மூல ஆல்பத்தில் இந்த இரண்டுக்கும் நடுவே ‘ஜெலசி’ என்ற ஒரு சோகப் பாட்டை வைத்துக் கெடுத்திருந்தார்கள். தொகுப்பில்தான் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருகின்றன. தொகுப்பு என்பது ஆல்பத்தைச் சிதைப்பது என்று சொல்லும் தூய்மைவாதிகளிடம் நான் இந்த ஜோடியைத்தான் காட்டுவேன்.

கூட்டிப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். பதினேழில் பத்து பாட்டு மெர்குரி எழுதியது, ஐந்து மே, இரண்டு டீக்கன். டிரம்ஸ் வாசித்த ராஜர் டெய்லருக்கு ஒன்றுகூட இல்லை. அவருக்காக ரொம்பப் பரிதாபப்பட வேண்டாம். ‘பொஹீமியன் ராப்ஸடி’ சிங்கிளின் மறுபக்கத்தில் இருந்தது அவருடைய ‘ஐயாம் இன் லவ் வித் மை கார்’. சிங்கிள் விற்க விற்க மறுபக்கத்துக்காரருக்கும் சமமாக ராயல்டி போய்ச் சேர்ந்தது. குழுவுக்குள் இது கொஞ்ச நாள் புகைந்துகொண்டிருந்தது என்பது ஊரறிந்த கதை.

விடுபட்டவை? பிரிட்டிஷ் ஹிட் பட்டியலில் மேலே போனவைதான் உள்ளே வந்தன. அதனால் முதல் சிங்கிளான ‘கீப் யுவர்செல்ஃப் அலைவ்’ (1973) இல்லை, அது அங்கே பட்டியலையே எட்டவில்லை. முப்பதுகளில் நின்றுபோன ‘டை யுவர் மதர் டவுன்’, ‘ஸ்ப்ரெட் யுவர் விங்ஸ்’ இரண்டும் இல்லை. முதல் ஆல்பத்திலிருந்து ஒரு பாட்டுகூட இல்லை, இரண்டாவதிலிருந்து ‘செவன் சீஸ் ஆஃப் ரை’ மட்டும். 1981-ல் அர்ஜென்டினாவிலும் பிரேசிலிலும் மைதானம் முழுக்கப் பாடிய ‘லவ் ஆஃப் மை லைஃப்’ இல்லை. இந்தத் தொகுப்பை மட்டும் கேட்டவருக்கு, குவீன் ஆரம்பத்தில் எவ்வளவு கனமான ராக் வாசித்தார்கள் என்று தெரியவே தெரியாது. பெரிய ஓட்டைதான். அதை அடைப்பதற்கு வேறு வழி இருக்கிறது, பிறகு வருகிறேன்.

வெட்டு விஷயத்தில் இது யோக்கியம் இல்லை. ‘ஃபேட் பாட்டம்டு கேர்ள்ஸ்’ சிங்கிளுக்காகச் சுருக்கிய வடிவம்தான் இதில் இருக்கிறது, மூலத்தைவிடக் கிட்டத்தட்ட ஒரு நிமிடம் குறைவு. இடமும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். 1981-ன் எல்பி ஒற்றைத் தட்டு, பதினேழு பாட்டு சேர்ந்து 58 நிமிடத்துக்குப் பக்கம். ஒரு பக்கத்துக்கு 29 நிமிடம் என்பது வைனலுக்கு மூச்சு முட்டுகிற அளவு. நேரம் கூடக்கூட ஊசி ஓடும் வரிகளை நெருக்கி வெட்ட வேண்டும். நெருக்கினால் சத்தத்தைக் குறைத்துத்தான் பதிய முடியும், முதலில் அடிபடுவது பேஸ். அதனால் பழைய எல்பியைத் தேடி அலைய வேண்டாம் என்று அக்கா மகனிடம் சொன்னேன். 2016-ல் இதையே இரண்டு தட்டுகளாக மறுபதிப்பு செய்திருக்கிறார்கள். இரண்டு நாற்காலியில் உட்கார வேண்டியவரை ஒன்றிலேயே இடுக்கி உட்காரவைத்த கஷ்டம் அதில் இல்லை.

அடுத்தது 1991-ன் ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ் II’. இதைக் குறைத்துப் பேசுவது ரசிகர்களிடையே ஒரு வழக்கம். சின்தசைசர் அதிகம், எண்பதுகளின் பளபளப்பு அதிகம் என்பார்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. வயது ஆக ஆக மாறிவிட்டது.

இதிலும் பதினேழு. கணக்கு மட்டும் கச்சிதமாக இருக்கிறது: ‘தி வொர்க்ஸ்’, ‘எ கைண்ட் ஆஃப் மேஜிக்’, ‘தி மிராக்கிள்’, ‘இன்யுவெண்டோ’ என்ற நாலு ஆல்பத்திலிருந்து நாலு நாலு பாட்டு. பாக்கி ஒன்று டேவிட் போவியோடு பாடிய ‘அண்டர் பிரஷர்’. அந்த ஒன்று வந்த ஆல்பம் 1982-ன் ‘ஹாட் ஸ்பேஸ்’. ராக் ரசிகர்கள் முகம் சுளித்த, ஃபங்க், டிஸ்கோ பக்கம் சாய்ந்த ஆல்பம் அது. அதிலிருந்து யாரும் குறை சொல்லாத ஒரே பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைப் பரணில் போட்டுவிட்டார்கள். வீட்டுக்கு விருந்தாளி வரும்போது சில சாமான்களை உள்ளறையில் தள்ளிக் கதவைச் சாத்துவோமே, அதுதான். தொகுப்புகள் எல்லாமே கொஞ்சம் இப்படிச் செய்யும்.

வெட்டு இங்கே இன்னும் அதிகம். ‘ஹேமர் டு ஃபால்’, ‘ஐ வாண்ட் இட் ஆல்’ எல்லாம் சிங்கிள் அளவுக்குச் சுருக்கியவை. ‘ஐ வாண்ட் இட் ஆல்’ ஆல்பத்தில் நடுவே வேகம் பிடித்து ஓடும் கிடார் பகுதிக்காகவே அதைக் கேட்பவன் நான், எனக்கு இது நஷ்டம். ஆனால் எல்லா வெட்டும் கெடுதல் இல்லை. ‘ஐ வாண்ட் டு பிரேக் ஃப்ரீ’ பாட்டுக்கு சிங்கிளில்தான் முன்னால் சின்தசைசர் முகப்பு சேர்த்தார்கள். ஆல்பத்தில் மொட்டையாகத் தொடங்குவது இங்கே மெதுவாக விரிந்து வருகிறது.

இந்தத் தொகுப்பு எந்த நேரத்தில் வந்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும். 1991 அக்டோபர் 28. ஃப்ரெடி மெர்குரி தனக்கு எய்ட்ஸ் இருப்பதாக அறிவித்தது நவம்பர் 23. மறுநாள் இறந்துவிட்டார். அவர் நோயைக் குழுவில் இருந்தவர்கள் முன்பே அறிந்திருந்தார்கள். தொகுப்புக்கு முன்னோட்டமாக அக்டோபர் நடுவில் ‘தி ஷோ மஸ்ட் கோ ஆன்’ வந்தது. அதன் வீடியோவைப் பழைய காட்சிகளை ஒட்டித்தான் செய்தார்கள், அவரால் கேமரா முன் நிற்க முடியவில்லை. இப்படிப்பட்ட ஒரு பாட்டு கையில் இருந்தால் யாருமே அதைக் கடைசியில்தானே வைப்பார்கள்? இவர்கள் வைக்கவில்லை. அதைப் பதினாறாவதாக வைத்துவிட்டு, கடைசியில் ‘ஒன் விஷன்’ பாட்டைப் போட்டிருக்கிறார்கள். 1985-ல் லைவ் எய்டு என்ற நிதி திரட்டும் கச்சேரி முடிந்து, உற்சாகம் தலைக்கேறி, நாலு பேரும் சேர்ந்து எழுதிய பாட்டு. துக்க வீட்டில் அழுகை ஓய்ந்து, யாரோ பழைய கதை ஒன்றைச் சொல்லிச் சிரிக்கவைப்பது போன்ற இடம் அது. முதல் தொகுப்பின் நடுநடுவே இருக்கும் சாமர்த்தியம் இதில் இல்லாமல் இருக்கலாம், ஆனால் இந்த முடிவு ஒன்றுக்காகவே எனக்கு இதன்மேல் மரியாதை.

அமெரிக்கா ஒரு தனிக் கூத்து. 1981-லேயே அங்கே வந்த ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ வேறு. பதினாலு பாட்டு, ‘அண்டர் பிரஷர்’ உண்டு, ‘கீப் யுவர்செல்ஃப் அலைவ்’ உண்டு, ‘டோன்ட் ஸ்டாப் மீ நவ்’ கிடையாது. இன்றைக்குக் கல்யாண வரவேற்பிலிருந்து கார் விளம்பரம் வரை ஒலிக்கும் அந்தப் பாட்டு அந்த நாளில் அமெரிக்காவில் எடுபடவே இல்லை. 1982-க்குப் பிறகு மெர்குரி இருந்த குவீன் அமெரிக்காவில் மேடை ஏறவும் இல்லை. பெண் வேடத்தில் நாலு பேரும் நடித்த ‘ஐ வாண்ட் டு பிரேக் ஃப்ரீ’ வீடியோவை பிரிட்டனில் சிரித்து ரசித்தார்கள், அங்கே ரசிக்கவில்லை.

பிறகு 1992-ல் ‘வேய்ன்ஸ் வேர்ல்டு’ என்ற நகைச்சுவைப் படத்தில் காருக்குள் தலையை ஆட்டி ஆட்டி ‘பொஹீமியன் ராப்ஸடி’ பாடும் காட்சி வந்தது. 1976-ல் அமெரிக்காவில் ஒன்பதாவது இடத்தில் நின்ற பாட்டு, பதினாறு வருஷம் கழித்து இரண்டாவது இடத்துக்கு ஏறியது. அந்தச் சூட்டில் ‘கிளாசிக் குவீன்’ என்று ஒரு தொகுப்பு, சில மாதத்தில் சிவப்பு அட்டையோடு இன்னொரு ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’. பெரிய பாட்டுகளை இரண்டுக்கும் பங்கு போட்டுவிட்டார்கள். சிவப்பு அட்டையை வாங்கினால் ‘வீ வில் ராக் யூ’ இருக்கும், ‘பொஹீமியன் ராப்ஸடி’ இருக்காது. ‘கிளாசிக் குவீன்’ வாங்கினால் நேர்மாறு. பாகப்பிரிவினையில் கறவை மாட்டை ஒருவருக்கும் கன்றை ஒருவருக்கும் கொடுத்த கதை. ‘கிளாசிக் குவீன்’ தொகுப்பில் ‘ஸ்டோன் கோல்டு கிரேஸி’ மாதிரி மற்றவர்கள் மறந்த முரட்டுப் பாட்டுகள் இருப்பது ஒரு ஆறுதல். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் யாராவது சிவப்பு அட்டையைப் பரிசாகக் கொடுத்தால் நன்றி சொல்லி வாங்கிக்கொள்ளலாம், காசு கொடுத்துத் தேட வேண்டியதில்லை.

1999-ன் ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ் III’ பற்றி நான் அன்பாகப் பேச முடியாது. எல்டன் ஜானோடு மேடையில் பாடிய ‘தி ஷோ மஸ்ட் கோ ஆன்’, ஜார்ஜ் மைக்கேல் பாடிய ‘சம்படி டு லவ்’, வைக்லெஃப் ஜீன் கைவைத்த ‘அனதர் ஒன் பைட்ஸ் தி டஸ்ட்’, மெர்குரியின் தனிப் பாட்டுகள், மேயின் தனிப் பாட்டு, ஒரு கிறிஸ்துமஸ் பாட்டு. ஹிட்ஸ் என்ற பெயரில் மிச்சம் மீதியைக் கூட்டி வைத்த பாத்திரம். ஆனால் அதற்குள்ளும் இரண்டு பாட்டுகள் மனதை நிறுத்தும். ‘தீஸ் ஆர் தி டேஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்’ ஒன்று. இரண்டாவது தொகுப்பில் இல்லாமல் போன பாட்டு, மெர்குரி இறந்த பிறகு ‘பொஹீமியன் ராப்ஸடி’யோடு சேர்ந்து பிரிட்டனில் முதலிடத்துக்குப் போனது. மற்றது ‘நோ-ஒன் பட் யூ’. 1997-ல் மீதி மூன்று பேரும் சேர்ந்து பதிந்தது. அதற்குப் பிறகு ஜான் டீக்கன் ஒதுங்கியவர் ஒதுங்கியவர்தான். இந்த மூன்று தொகுப்பையும் ஒரே பெட்டியில் அடைத்து 2000-ல் ‘பிளாட்டினம் கலெக்‌ஷன்’ என்று விற்றார்கள். விலை மலிவாகக் கிடைத்தால் சரி, மூன்றாவது தட்டை அப்படியே பெட்டிக்குள் விட்டுவிடலாம்.

ஒரே தட்டில் எல்லாம் வேண்டும் என்பவர்கள் போய் நிற்கும் இடம் 2009-ன் ‘அப்சல்யூட் கிரேட்டஸ்ட்’. இருபது பாட்டு, ஆரம்ப காலமும் எண்பதுகளும் சேர்ந்தே இருக்கும், ஒலியையும் புதிதாகச் சீர்செய்திருக்கிறார்கள். பட்டியலாகப் பார்த்தால் இதை வெல்ல முடியாது. மேயும் டெய்லரும் ஒவ்வொரு பாட்டைப் பற்றியும் பேசும் தனித் தட்டோடு ஒரு பதிப்பும் உண்டு.

ஆனால் கேட்டுப் பாருங்கள். ‘வீ வில் ராக் யூ’, ‘வீ ஆர் தி சாம்பியன்ஸ்’, உடனே ‘ரேடியோ கா கா’. முதல் மூன்றும் மைதானத்தில் கூட்டம் கையைத் தூக்கும் பாட்டுகள். கடைசியில் ‘தி ஷோ மஸ்ட் கோ ஆன்’, அதன்மேல் ‘பொஹீமியன் ராப்ஸடி’. எது பெரிது, எங்கே கண் கலங்க வேண்டும் என்றெல்லாம் முன்கூட்டியே முடிவு செய்து அடுக்கியது. 1981-ல் பட்டியல் போட்டவர்களுக்கு இந்தக் கதை எப்படி முடியும் என்று தெரியாது. அடுத்த வருஷம் ‘ஹாட் ஸ்பேஸ்’ வந்து அடி விழப்போகிறது என்பதோ, அதற்கு மூன்று வருஷம் கழித்து லைவ் எய்டில் எழுந்து நிற்கப்போகிறார்கள் என்பதோ தெரியாது. அதனால்தான் அந்தத் தொகுப்பில் ‘ஃபிளாஷ்’ மாதிரி ஒரு காமிக்ஸ் கதைப் படத்தின் பாட்டு, வசனத்தோடு, கூச்சமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. அப்போதைக்கு அது ஹிட், அவ்வளவுதான். 2009-ல் ‘ஃபிளாஷ்’ இல்லை. சைக்கிள் பாட்டும் இல்லை, அதன் ஜோடியும் இல்லை. சிரிப்பை எடுத்துவிட்டுச் சிலையை மட்டும் வைத்த மாதிரி இருக்கிறது. குவீனிடமிருந்து சிரிப்பை எடுத்தால் மிச்சம் என்ன?

முன்னே சொன்ன ஓட்டைக்கு வருகிறேன். 1997-ல் ‘குவீன் ராக்ஸ்’ என்று ஒன்று வந்தது. பெயரிலேயே ஹிட்ஸ் கிடையாது. கிடார் முழங்கும் பாட்டுகளை மட்டும் பொறுக்கிக் கட்டியது. முதல் தொகுப்பில் இடம் கிடைக்காத ‘கீப் யுவர்செல்ஃப் அலைவ்’, ‘டை யுவர் மதர் டவுன்’, ‘ஸ்டோன் கோல்டு கிரேஸி’ மூன்றும் இதில் இருக்கின்றன. ‘இட்ஸ் லேட்’ என்ற நீண்ட பாட்டு இருக்கிறது, சிங்கிள் பட்டியலைப் பார்த்துத் தொகுக்கும் யாரும் அதைத் தொடமாட்டார்கள். ராஜர் டெய்லரின் கார் காதலும் இங்கே வந்துவிட்டது. முதல் இரண்டு ஹிட்ஸ் தொகுப்பையும் வாங்கியவர் மூன்றாவதாக ஒன்று வாங்க நினைத்தால், III என்று எண் போட்டதை விட்டுவிட்டு இதைத்தான் எடுக்க வேண்டும். இதை ரசிகர்கள் பலரே மறந்துவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு.

2014-ன் ‘குவீன் ஃபாரெவர்’ மென்மையான பாட்டுகளுக்கு. மைக்கேல் ஜாக்சனோடு பாடிய பழைய பதிவு ஒன்று அதில் வெளிவந்தது என்பதைத் தாண்டிச் சொல்ல அதிகம் இல்லை.

படம் பார்த்துவிட்டு வருகிறவர்கள் 2018-ன் பட ஆல்பத்தைக் கேட்பார்கள். தயாரிப்பு நிறுவனத்தின் முழக்க இசையையே மேயும் டெய்லரும் வாசித்துத் தொடங்குகிறார்கள், அது ஒரு நல்ல குறும்பு. லைவ் எய்டு மேடைப் பதிவுகள் முதன்முதலில் ஆல்பமாக வந்தது இதில்தான். 1985 ஜூலை 13, வெம்ப்ளி, இருபது நிமிடம் சொச்சம். அதற்காக இதைக் கேட்கலாம். மற்றபடி அது படத்தின் நினைவுப்பொருள்.

‘எல்லாம் போனில் இருக்கும்போது எதற்குத் தொகுப்பு?’ என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆப்பில் குவீன் என்று போட்டால் அதிகம் பேர் கேட்டது மேலே வரும். கலைத்துப் போடும் வசதியும் உண்டு. என் பழைய கேசட் கடைக்காரர் செய்ததை இன்றைக்கு ஆப் செய்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். ஆப்பில் கேட்பவருக்கு என் யோசனை: 1981 தொகுப்பின் பெயரைப் போட்டுத் தேடி, கலைக்கும் பொத்தானை அணைத்துவிட்டு, முதலிலிருந்து ஒரு முறை கேளுங்கள். ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஒரு எச்சரிக்கை: நாட்டுக்கு நாடு அந்தப் பெயரில் பட்டியல் மாறியிருக்கிறது, பதினேழு பாட்டும் முதலில் ‘பொஹீமியன் ராப்ஸடி’யும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, அக்கா மகனுக்கு என்ன சொன்னேன்? ஒன்றே ஒன்று என்றால் 1981, இரண்டு தட்டுப் பதிப்பு. இரண்டு என்றால் அதோடு 1991. மூன்றாவது என்றால் ‘குவீன் ராக்ஸ்’. அதற்கு மேல் ஆசை வந்தால் தொகுப்புகளை விட்டுவிட்டு 1974-ன் ‘ஷீர் ஹார்ட் அட்டாக்’ ஆல்பத்துக்குப் போய்விடச் சொன்னேன். இவ்வளவு நேரம் பேசியதைப் பொறுமையாகக் கேட்டான். கடையில் முதலாவது இருப்பில் இல்லையாம், இரண்டாவதை வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். பெரியவர்கள் பேச்சுக்கு அவ்வளவுதான் மதிப்பு.

இரண்டு நாள் கழித்து ராத்திரி பத்தரைக்கு போன்.

“மாமா, கடைசிப் பாட்டு முடியறப்ப ‘ஃப்ரைடு சிக்கன்’னு ஏதோ கேக்குது. எனக்கு மட்டும்தானா? தட்டு கோளாறா, மாத்திக் குடுக்கச் சொல்லவா?”

கோளாறு இல்லை, நன்றாகத்தான் கேட்டிருக்கிறாய் என்றேன். ஸ்டுடியோவில் வரிகளை வைத்து விளையாடிக்கொண்டிருந்தபோது ‘ஒன் விஷன்’ வர வேண்டிய இடத்தில் வறுத்த கோழியைப் பாடிவைத்தார்கள், அதை அப்படியே விட்டுவிட்டார்கள். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு அந்தப் பக்கம் ஊசியைத் தூக்கி மறுபடி வைக்கும் கரகரப்பு கேட்டது.